தனித்திருப்பவனின் கைவலை

தனித்திருக்கும் மனிதன் யாருக்குக் கடமைப்பட்டவன்? பலர் நடுவே வாழும்போது எமது கடமைகளை எமக்கு நினைவூட்டப் பலர் இருக்கிறார்கள். மலையில் கங்காணி பார்க்கிறார். பாடசாலையில் ஆசிரியர் பார்க்கிறார். வீட்டில் தாய் பார்க்கிறாள். கோவிலில் பங்கு மக்கள் பார்க்கிறார்கள். இவர்கள் எவரும் இல்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடக்கிறான் என்பதை வைத்தே அவனுடைய உண்மையான தரத்தை அறியலாம் என்று பெரியோர் சொல்லுவர். இந்தப் பழைய உண்மையை இவ்வாரம் ஒரு சிறிய பொருளை முன்வைத்துச் சிந்திக்க வாசகர்களை அழைக்கிறோம். அந்தப் பொருள், தூண்டில் போடுகிறவன் கையில் இருக்க வேண்டிய கைவலை.

தூண்டிலில் அகப்பட்ட மீனை நீரிலிருந்து ஏந்தி எடுப்பதற்கான, வளையமும் பையும் பிடியும் கொண்ட சிறு வலையையே கைவலை என்கிறோம். வடக்கிலும் மன்னாரிலும் இதையொத்த வலையை அத்தாங்கு என்பார்கள். மீனைப் பிடிப்பது தூண்டில். பிடித்த மீனை ஏற்றுக்கொள்வது கைவலை. இந்த இரண்டாவது வேலையைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மீன் கொத்த வேண்டும் என்ற ஆசையோடு ஆற்றுக்குப் போகிறோம். கொத்திய பின் என்ன செய்வோம் என்பதை மீன் கொத்திய பிறகே யோசிக்கிறோம். இதில் ஓர் ஒழுக்கக் கேள்வி மறைந்திருக்கிறது.

இறம்பொடையின் தண்ணீர்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியா செல்லும் பாதையில் பயணம் செய்தவர்கள் இறம்பொடையை மறக்கமாட்டார்கள். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவி ஒரு புறம். தேயிலை மலைகள் மறுபுறம். கீழே கொத்மலை நீர்த்தேக்கம். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் 1979இல் தொடங்கி 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணை 87 மீற்றர் உயரமும் 600 மீற்றர் நீளமும் கொண்டது. அந்த அணைக்காகப் பல கிராமங்கள் நீருக்குள் போயின. வயலும் வீடும் இருந்த இடத்தில் இன்று மீன்கள் உலாவுகின்றன.

மலைநாட்டில் தூண்டில் மீன்பிடிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1880களில் ஆங்கிலத் தோட்டத் துரைமார் தங்கள் நாட்டு ட்ரவுட் மீனை நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்துவிட்டது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என்ற சங்கத்தையும் அவர்கள் அமைத்தார்கள். துரைமாருக்கு அது பொழுதுபோக்கு. கைவலையைத் தூக்கிக்கொண்டு பின்னே நடக்க அவர்களுக்கு ஆள் இருந்தான். லயத்துப் பிள்ளைகளோ பழைய சேலையின் முனைகளைப் பிடித்து ஓடையில் விரித்துச் சிறுமீன் வாரினார்கள். அது குழம்புக்கு. 1952இல் திலாப்பியா இந்நாட்டு நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர், பெரிய குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் ஏழைகளுக்கு எட்டும் மீன் அதுவாயிற்று.

இன்று கொத்மலைக் கரையில் தூண்டில் போடுகிறவன் பெரும்பாலும் துரையுமல்ல, சிறுவனுமல்ல. வேலை முடிந்த பின்னேரத்தில் ஒரு மூங்கில் தடியோடு அல்லது கடையில் வாங்கிய தூண்டிலோடு தனியே இறங்கி வரும் குடும்பத் தலைவன் அவன். இரண்டு பேர் போனால் ஒருவர் தூண்டிலைப் பிடிக்க மற்றவர் மீனை ஏந்துவார். தனியே போகிறவன் தன் இரண்டு கைகளால் நான்கு கைகளின் வேலையைச் செய்ய வேண்டும்.

லூக்காஸ் நற்செய்தியில் இதற்குப் பொருத்தமான ஒரு காட்சி உண்டு. இராயப்பரின் வலையில் மிகுதியான மீன் அகப்பட்டு வலை கிழியத் தொடங்கியபோது, மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டினார்கள். அவர்களும் வந்து உதவினார்கள். தனியே நிற்பவன் யாருக்குச் சைகை காட்டுவான்? வீட்டை விட்டுப் புறப்படும் முன்னரே அவன் தன் கூட்டாளியைத் தேடிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டாளியின் இடத்தில் இருப்பதுதான் கைவலை. கைவலை இல்லாமல் தனியே தூண்டில் போடுகிறவன் மூன்று கடன்களைச் செலுத்தத் தவறும் ஆபத்தில் இருக்கிறான் என்பது எமது எண்ணம்.

வீட்டாருக்குரிய கடன்

முதற் கடன் அவனுடைய வீட்டாருக்கு. கொத்மலை மின்சாரம் பெறுவதற்கான நீர்த்தேக்கம். நீர் ஏறுவதும் இறங்குவதும் மழையை மட்டும் பொறுத்ததல்ல. நீர் இறங்கிய காலத்தில் கரையில் வெளிப்படும் மண் பார்வைக்குக் காய்ந்திருக்கும், மிதித்தால் புதையும். மேலே ஓடைகளின் பாறைகளோ பாசி படர்ந்தவை. மலையுச்சியில் பெய்த மழை, வெயில் அடிக்கும் கீழ்ப்பகுதிக்குச் சற்று நேரம் கழித்து வெள்ளமாக வந்து சேரும்.

இத்தகைய இடத்தில் கைவலை இல்லாதவனுக்கு நல்ல மீன் ஒன்று அகப்பட்டால் என்ன நடக்கும்? நூலைப் பிடித்துத் தூக்கினால் அறுந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே குனிகிறான். எட்டவில்லை. ஒரு காலை முன்னே வைக்கிறான். இன்னும் ஒரு சாண்தான் என்று எண்ணுகிறான். நீரில் விழுந்தவர்களில் பலரை இழுத்தது வெள்ளமல்ல, இந்த ஒரு சாண். அரைக் கிலோ மீனுக்காக எவனும் தன் உயிரைப் பணயம் வைக்கத் திட்டமிட்டுப் போவதில்லை. ஆனால் மீன் துள்ளிக்கொண்டிருக்கும் கணத்தில் கணக்குப் பார்க்கும் அறிவு மங்கிவிடுகிறது.

ஆகையால் அந்தக் கணக்கை அமைதியாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கரையில் நின்று பிடிப்பவனுக்குப் பிடி நீளமாக இருக்க வேண்டும்; ஒன்றரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர் வரை இருந்தால் குனியத் தேவையில்லை. ஓடைக்குள் இறங்கி நிற்பவனுக்கு நீண்ட பிடி இடைஞ்சல். முழங்கை நீளம் போதும், ஆனால் இடுப்பில் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். கரை எவ்வளவு உயரமோ, நிற்கும் இடம் எப்படிப்பட்டதோ, அதற்கு ஏற்றபடியே வலையைத் தெரிவு செய்ய வேண்டும். இரையை வீசுவதற்கு முன்னரே, மீனை எங்கே கொண்டுவந்து ஏந்துவது என்று இடம் பார்த்து வைக்க வேண்டும். ஏந்துவதற்கு இடமில்லாத பாறையிலிருந்து தூண்டில் வீசுவதே பிழை. எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் இந்தக் கடனில் சேரும்.

மீனுக்குரிய கடன்

இரண்டாவது கடன் மீனுக்கு. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். “கொன்று தின்னப் போகிற பிராணிக்கு என்ன கடன்?” என்பார்கள். கேள்வி நியாயமானது, அதனைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

மீனுக்கு நோவு உண்டா என்பது அறிஞர்களிடையே இன்னும் முற்றாகத் தீராத வாதம். 2003ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் லின் ஸ்னெடன் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது துணைவரும் வானவில் ட்ரவுட் மீன்களை ஆராய்ந்தார்கள். காயத்தை உணரும் நரம்பு முனைகள் மீனின் தலைப்பகுதியில் இருப்பதை அவர்கள் கண்டார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ அமிலமோ ஏற்றப்பட்ட மீன்கள் உடலை ஆட்டின. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. ஏனைய மீன்களைவிட நெடுநேரம் இரை எடுக்காமல் இருந்தன. மீனின் மூளையில் மனிதனுக்குள்ளது போன்ற மேற்பகுதி இல்லை, ஆதலால் நாம் உணரும் நோவை அது உணராது என்று வேறு அறிஞர்கள் மறுக்கிறார்கள்.

நாம் விஞ்ஞானிகளல்லர், இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எமக்கு முடியாது. ஆனால் சந்தேகம் இருக்கும்போது எப்படி நடப்பது என்பது ஒழுக்கத்தைச் சேர்ந்த கேள்வி. அதற்கு நாம் விடை சொல்லலாம். பற்றைக்குள் ஏதோ அசைகிறது. மானோ மனிதனோ தெரியவில்லை. தெரியாதபோது வேடன் சுடக்கூடாது. அதேபோல், நோகலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது, தேவையற்ற நோவைத் தவிர்ப்பதே நேர்மை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்றுக்கொண்ட பின்னர், அவற்றை வீணாக வதைப்பது மனிதனுடைய மாண்புக்கே இழுக்கு என்ற கருத்தைத் தெரிவிக்கிறது. கவனியுங்கள்: இழுக்கு மனிதனுக்கு. மீனின் நோவு எவ்வளவு என்று அளக்க முடியாவிட்டாலும், கவனயீனம் மனிதனை என்ன செய்கிறது என்பதை நாம் அறிவோம்.

கைவலை இல்லாதவனின் மீனுக்கு நேர்வதைப் பாருங்கள். நூல் அறுந்து, முள்ளை வாயில் சுமந்துகொண்டு அது ஆழத்துக்குப் போகிறது. அதனால் மீனவனுக்கும் பயனில்லை, மீனுக்கும் நன்மையில்லை. அல்லது அது களைத்து ஓயும்வரை நெடுநேரம் இழுத்தடிக்கப்படுகிறது. அல்லது கல்லிலும் மண்ணிலும் தேய்த்துக் கரையேற்றப்படுகிறது. பின்னர் அது சிறிய மீன் என்று கண்டு, “போய்ப் பிழைத்துக்கொள்” என்று நீரில் எறிந்துவிட்டுத் தருமம் செய்த திருப்தியோடு அவன் வீடு திரும்புகிறான்.

அந்தத் தருமத்தின் பெறுமதி என்ன? கனடாவில் 1992இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. களைக்கும்வரை ஓட்டப்பட்டு, காற்றில் வைக்கப்படாமலே விடப்பட்ட வானவில் ட்ரவுட் மீன்களில் நூற்றுக்கு 88 பங்கு 12 மணித்தியாலத்தின் பின்னரும் உயிரோடிருந்தன. களைத்த பின் 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 பங்கே மிஞ்சின. 60 வினாடி வைக்கப்பட்டவற்றில் 28 பங்கே மிஞ்சின. பரிசோதனைச் சாலையில், ஒரே இன மீனில் கண்ட கணக்கு இது. திலாப்பியா ட்ரவுட்டைவிட வலுவான மீன். ஆயினும் பாடம் தெளிவானது: ஒரு நிமிடம் எமக்குச் சிறியது, நீரை விட்டு வெளியே இருக்கும் மீனுக்கு அது சிறியதல்ல. கண்ணுக்கு உயிரோடு நீந்திப் போவது எல்லாம் உயிரோடு இருக்கும் என்று எண்ணக்கூடாது.

கைவலை இருந்தால் மீன் நீருக்குள்ளேயே வலைப்பையில் இருக்கும். அதை வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றலாம். எடுத்துக்கொள்வதா விடுவதா என்று நிதானமாகத் தீர்மானிக்கலாம். திலாப்பியாவைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இனத்தின் தாய் மீன் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பது. அந்நாட்களில் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. ஆயினும் சில வேளைகளில் அகப்பட்டுவிடும். அதிர்ச்சியில் குஞ்சுகளைத் துப்பிவிடும். நீருக்குள் ஏந்திய வலையில் இதைக் கண்டுகொள்கிறவன் அந்தத் தாயை விட்டுவிடலாம். கரையில் இழுத்து எறிந்த பின் கண்டு என்ன பயன்?

உணவுக்கென்று தீர்மானித்த மீனுக்கும் ஒரு கடன் உண்டு. அதைச் சாக்கிலும் பையிலும் போட்டு மணிக்கணக்காகத் துடிக்க விடுவது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதால் அது சரியாகிவிடாது. வலையை விட்டு எடுத்தவுடனே தலையின் மேல் கனத்த சிறு தடியால் ஓங்கி ஓர் அடி, அவ்வளவுதான். மீனும் துடிக்காது, இறைச்சியும் கெடாது.

வலையைத் தெரிவதும் கையாள்வதும்

ஆகவே வலையின் தன்மையும் முக்கியமாகிறது. முடிச்சுப் போட்ட நைலோன் வலை மலிவு, நெடுநாள் உழைக்கும். ஆனால் முடிச்சுகள் மீனின் செதிலையும் அதன் மேலுள்ள வழுவழுப்பான படையையும் உரசி எடுத்துவிடும்; செட்டைகள் கிழியும். அந்த வழுவழுப்பு மீனுக்குக் கவசம். அது போன இடத்தில் நோய் பற்றும். முடிச்சில்லாத வலையும் றப்பர் வலையும் இந்தச் சேதத்தைக் குறைக்கும். றப்பர் வலையில் தூண்டில் முள் சிக்கிக்கொள்வதும் குறைவு; தனியே நிற்பவனுக்கு இது பேருதவி. உண்பதற்கு மட்டும் பிடிப்பவன் எந்த வலையையும் வைத்துக்கொள்ளலாம். சிறியதை விடும் எண்ணம் உள்ளவன் முடிச்சில்லாததையே தேட வேண்டும். வளையத்தின் வாய் 45 அல்லது 50 சென்ரிமீற்றர் அகலமாவது இருக்கட்டும். நாம் எதிர்பார்க்கும் மீனைவிட வாய் பெரிதாக இருக்க வேண்டும்; பை, மீன் துள்ளி வெளியேறாத ஆழமாக இருக்க வேண்டும்.

“இதெல்லாம் வசதி படைத்தவர்களின் வேலை, நாட்சம்பளக்காரனுக்கு ஏது கைவலை?” என்று கேட்பவர்களும் உண்டு. கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தடித்த கம்பியை வளைத்து வளையம் செய்து, மூங்கில் பிடியில் இறுகக் கட்டி, முடிச்சில்லாத மென்மையான வலைத்துணியில் பை தைத்தால் போதும். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல சனிக்கிழமை வேலை. மீனை மதிப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, முன்யோசனை வேண்டும்.

கையாளும் முறை இதுதான். வலையைப் பையில் மடித்து வைக்காமல், இடக்கைக்கு எட்டும் தூரத்தில் விரித்து வையுங்கள். தூண்டில் வீசும் முன்னரே அதை நனைத்துக்கொள்ளுங்கள். மீன் அகப்பட்டால் கரைக்கு வருமுன் வலையை நீட்டாதீர்கள். வலையைக் கண்டு அது மறுபடி ஓடும். ஏறக்குறைய தூண்டில் தடியின் நீளத்துக்கு மட்டும் நூல் வெளியே இருக்கட்டும்; நூல் மிக நீண்டால் மீன் வலைக்கு எட்டாது, மிகக் குறுகினால் தடி முறியும். வலையை நீருக்குள் தாழ்த்தி அசையாமல் பிடித்துக்கொண்டு, தடியை உயர்த்திப் பின்னே சாய்த்து, மீனை வலையின் மேல் தலைப்பக்கமாகக் கொண்டு வாருங்கள். வலை மீனைத் துரத்தக் கூடாது. மீன் வலைக்கு வரவேண்டும். துரத்திக் குத்துகிறவன்தான் பெரும்பாலும் நூலை அறுத்துக்கொள்கிறான். மீன் உள்ளே வந்ததும் நூலைத் தளர்த்துங்கள். மண்வெட்டியால் மண்ணை அள்ளுவதுபோல் பிடியால் நெம்பித் தூக்காதீர்கள், பிடி முறியும். வலையைத் தம்பக்கம் இழுத்து, வளையத்தைப் பிடித்துத் தூக்குங்கள். விடுவதானால், நனைந்த கையால் தாங்கி, தலை நீரோட்டத்தை நோக்கும்படி பிடித்திருந்து, அது தானே நீந்திப் போகும்வரை பொறுங்கள்.

அயலவனுக்குரிய கடன்

மூன்றாவது கடன் அயலவனுக்கு. தண்ணீர் ஒருவனுடையதல்ல. ஓடையில் நஞ்சு கலந்தும் வெடி போட்டும் மீன் பிடிக்கிறவன், நாளை பிடிக்க வருகிறவனின் பங்கையும் இன்றே திருடுகிறான். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் இவற்றைத் தடை செய்திருக்கிறது. தோட்டத்துக்குச் சொந்தமான குளத்திலும், அனுமதி தேவைப்படும் நீர்நிலையிலும், அனுமதியின்றிப் பிடிப்பதும் இதே வகை. யாரும் பார்க்கவில்லை என்பது அனுமதியாகாது. தேவைக்கு மேல் பிடிப்பதும் அவ்வாறே. கைவலைக்காரன் மீனை ஒவ்வொன்றாக ஏந்துகிறான், ஒவ்வொன்றின் போதும், “போதுமா?” என்ற கேள்வி அவன் முன் நிற்கிறது. போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பலத்தைத் தனிமையே சோதிக்கிறது.

அயலவன் என்பதில் எம்மைப்போல் எண்ணாதவனும் அடங்குவான். உயிர்க்கொலையைப் பாவமென்று கொள்ளும் பௌத்த, இந்து மக்கள் நடுவே நாம் வாழ்கிறோம். 1990இல் அன்றைய அரசு, சமய நோக்கிலான எதிர்ப்பை முன்னிட்டு, உள்நாட்டு நன்னீர் மீன்வளத்துக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. குளங்களில் குஞ்சு விடும் பணி தடைப்பட்டது. குளத்து மீனையே நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள் துன்புற்றன. 1994இல் ஆதரவு மீண்டும் கொடுக்கப்பட்டது; 1998இல் அதற்கென ஓர் அதிகாரசபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பது இங்கே எமது நோக்கமல்ல. குளத்து மீன் வெறும் வியாபாரப் பொருளல்ல, மனச்சாட்சிகள் சந்திக்கும் இடம் என்பதை அந்த நான்கு ஆண்டுகள் காட்டுகின்றன. போயா தினத்தில் அயலவரின் மனதை எண்ணித் தூண்டிலை எடுக்காதிருக்கும் கத்தோலிக்கர் உண்டு. சட்டம் கேட்காததை அன்பு கேட்கிறது.

எமது பிள்ளைகளும் உறவினரும் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில் சட்டம் இன்னும் ஒரு படி போய்விட்டது. 2008 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, விட்டுவிடும் எண்ணத்தோடு மீனைத் தூண்டிலில் பிடிப்பதே அங்கே குற்றம். உணவுக்கானால் பிடி, விளையாட்டுக்கானால் அதைத் தொடாதே என்பது அதன் கருத்து. நம்மில் பலர் நினைப்பதற்கு இது நேர்மாறானது. பிடித்து விடுகிறவன் இரக்கமுள்ளவன், பிடித்து உண்பவன் கொடியவன் என்று எண்ணிவிடுகிறோம். பசிக்காகப் பிடித்துச் சட்டென்று கொல்கிறவனை நாம் புரிந்துகொள்ளலாம். ஒரே மீனைப் பத்து முறை துடிக்கவைத்து மகிழ்கிறவனை எப்படிப் புரிந்துகொள்வது? சிறியதையும் சினைப்பட்டதையும் விடுவது வேறு. விளையாட்டுக்காகவே பிடித்து விடுவது வேறு. வாசகர்கள் இவ்விடத்தில் எம்மோடு உடன்படாதிருக்கலாம். வீட்டில் பேசிப் பாருங்கள்.

வாங்கி உண்பவருக்கும் ஒரு சொல்

“நான் தூண்டில் போடுவதே இல்லை, எனக்கென்ன?” என்று இதுவரை வாசித்தவர் கேட்கக்கூடும். வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சியைத் தவிர்த்து மீன் சமைக்கும் வீடுகள் எமது வீடுகள். அதை ஒறுத்தல் என்கிறோம். அந்த மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசமில்லை. திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்ற அதிகாரத்தில், வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் கொல்கிறார்கள் என்று காட்டி, உண்பவனையும் அந்தப் பொறுப்பில் சேர்த்துவிடுகிறார். அவருடைய முடிவை நாம் ஏற்காமல் மீன் உண்ணலாம். ஆனால் பொறுப்பைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க எமக்கு வழியில்லை. லொறியில் வந்த மீனை விலைபேசி வாங்குகிறவள் கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண்டில் இருக்கிறது. அந்த மீனை வீணாக்காமல், தேவைக்கு வாங்கி, நன்றியோடு உண்பது அவள் செலுத்தும் கடன்.

உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் சீடருக்குத் தோன்றிய நிகழ்ச்சியை அருளப்பர் சொல்லும்போது, பிடிபட்ட மீன் 153 என்று எண்ணிக் குறிக்கிறார். அத்தனை மீன் இருந்தும் வலை கிழியவில்லை என்றும் குறிக்கிறார். எண்ணியிருக்கிறார்கள், வலையையும் பார்த்திருக்கிறார்கள். நல்ல மீனவர் பிடித்ததை எண்ணுகிறவர். ஏந்திய வலையைக் கவனிக்கிறவர்.

தொடங்குமுன் முடிவை எண்ணுதல்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தனித்திருப்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? வீட்டில் காத்திருப்பவர்களுக்கும், தன் கையில் அகப்பட்ட உயிருக்கும், அடுத்து வரப்போகும் அயலவனுக்கும் கடமைப்பட்டவன். இந்த மூவரும் அவன் முன் நின்று பேசமாட்டார்கள். ஆகவே அவர்கள் சார்பில் முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும். ஆசை எழும்பிய நேரத்தில் நல்லவனாக இருப்பது கடினம். அந்த நேரம் வருமுன் நல்லவனாக இருப்பதற்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்வது அவ்வளவு கடினமல்ல. மனவுறுதியை மட்டும் நம்பிப் போகிறவனைவிட, தன் பலவீனத்தை அறிந்து வலையோடு போகிறவன் ஒழுக்கத்தில் முந்தியவன் என்போம்.

இது தூண்டிலுக்கு மட்டுமல்ல. அடைக்க வழி பாராமல் கடன் வாங்குகிறோம். நகை அடகுக்கடையிலேயே முழுகிப் போகிறது. வைத்துக் காக்க இடமில்லாமல் நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். மூன்றாம் மாதம் அதைச் சந்தியில் விடுகிறோம். கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வந்தால் எப்படி ஏற்பது என்று எண்ணாமல் அனுப்பிவிடுகிறோம். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது தவக்காலப் பிரசங்கத்துக்கு மட்டும் உரியதல்ல. இழுக்கத் தெரிந்தவன் ஏந்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் உங்கள் வீட்டில் யாராவது தூண்டிலை எடுத்தால், “மீன் கொண்டு வாங்க” என்று சொல்லி அனுப்பாதீர்கள். “வலை எங்கே?” என்று கேளுங்கள். இல்லை என்றால், அன்று ஆற்றுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றைக் கட்டட்டும். மீன் அடுத்த வாரமும் கொத்மலையில் இருக்கும்.